கடல் சிம்

1

பலேர்மோ இத்தாலியில் ஒரு கடலோர நகரம். இங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். வந்து ஒன்பது வருடம். இலங்கையின் சிலாபம், மாரவில பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய. பெரும்பாலும் சிங்களம் கதைப்பவர்கள். எனக்கும் சிங்களம் வரும். அதனால் கதைக்க ஆள் உண்டு.

போன மாதம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது, கிழவர் விழுந்தால் எப்படித் தூக்குவது, இப்படி. படிப்பித்தவர் தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கீழ் அறையில் என் கம்பனி லைன் கேட்காது. ஆனாலும் அவசரத்துக்கு 112 அடித்தால் போகும். பக்கத்துக் கம்பனியின் டவர் அதை எடுத்துக்கொண்டு போகும். எடுக்கத்தான் வேண்டும். சட்டம்."

எனக்கு இத்தாலி பாஷை வேலைக்குக் காணும். சட்டத்துக்குக் காணாது. பக்கத்தில் இருந்த நிலந்தியிடம் சிங்களத்தில் கேட்டேன்.

"எந்தக் கம்பனி சிம் என்றாலுமா?"

"எந்தக் கம்பனி என்றாலும்தான் அக்கா. ஏன், உங்கட வீட்டில் லைன் இல்லையா?"

நான் எழுந்து வெளியே போனேன். கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். வகுப்பு முடியும் வரை உள்ளே போகவில்லை. கையெழுத்துப் போடாததால் சான்றிதழ் இல்லை என்றார்கள். சரி என்றேன்.

இந்த மாதத்தில்தான் என் வீட்டுக்காரர் கடலில் செத்துப்போனார். பன்னிரண்டு வருடம். இதை ஊரில் இருப்பவர்கள் வாசிக்க எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து அப்படித்தான் இருக்கும்.

2

எங்கள் ஊர் சிலாபத்துக்கு வடக்கே உடப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்கிற உப்புநீர் ஏரி. போர் முடிந்ததும் ஊருக்குள் முதலில் வந்தவர்கள் போன் கம்பனிக்காரர்கள். ஆடித் திருவிழாவுக்குக் கோயில் பக்கத்தில் ஆளுக்கொரு கூடாரம் அடித்தார்கள். ஒரு கம்பனி சிம்மை விற்றது. அடுத்தது சும்மா கொடுத்தது. மூன்றாவது, சிம்மோடு குடையும் கொடுத்தது. மழை இல்லாத மாதத்தில் ஊர் முழுக்கக் குடை.

ஒருவன் விலையைக் குறைத்தால் மற்றவன் அதற்கும் கீழே போனான். பிறகு கொழும்பிலிருந்து ஒரு கட்டளை வந்தது. ஒரு நிமிடக் கதையை இந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. விட்டால் கம்பனிகள் அடிபட்டுச் சாகும், கடைசியில் மிஞ்சுகிறவன் வைத்ததுதான் விலை, அதனால்தான் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் அதைச் சத்தமாக வாசித்தாராம்.

"மலிவா விக்கிறவனப் பிடிச்சு, கூட்டி வில்லுங்குது அரசாங்கம். கேட்டீங்களா கதைய?"

"நல்லதுதானே" என்றிருக்கிறார் என் வீட்டுக்காரர். "மீனுக்கும் அப்பிடி ஒரு கீழ்விலை போடச் சொல்லுங்க. சிலாபத்து முதலாளிமார் நிமிசத்துக்கு நிமிசம் குறைக்கிறானுகள். அவனுகளக் கேக்க ஆளில்ல."

கடையே சிரித்ததாம். அவர் அதிகம் கதைக்காதவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

விலையைக் குறைக்க வழியில்லை என்றானதும் கம்பனிகள் குறைக்காமல் குறைக்கப் பார்த்தன. இன்று இவ்வளவு கதைத்தால் நாளைக்கு இவ்வளவு சும்மா. எங்கள் கம்பனி ஆள் எங்கள் கம்பனி ஆளோடு கதைத்தால் மூன்று நாளைக்குச் சும்மா. தண்ணீரை ஒரு பக்கம் மறித்தால் இன்னொரு பக்கம் ஓடும், அதுபோல.

கடலில் இந்தப் போட்டி இல்லை. கரையில் நிற்கும் தென்னை கண்ணுக்குத் தெரியும் வரை எல்லாக் கம்பனியும் கேட்கும். தென்னை தாழ்ந்துவிட்டால், எல்லாருக்கும் முன்னால் வந்த பழைய கம்பனி ஒன்றுதான். மற்றவர்கள் டவரைப் பாலாவி, மதுரங்குளிப் பெருந்தெருவைப் பார்த்துக் கட்டினார்கள். ஆட்கள் அங்கேதான். கடலில் யார் நிற்கிறார்கள்.

அதனால் தொழிலுக்குப் போகிறவர்கள் இரண்டு சிம் வைத்திருந்தார்கள். கரைக்கு மலிவுச் சிம். போட்டில் ஏறும்போது அதைக் கழற்றி வெற்றிலைப் பையில் வைத்துவிட்டுப் பழைய கம்பனிச் சிம்மைப் போடுவார்கள். அதற்கு ஊரில் கடல் சிம் என்று பெயர். என் வீட்டுக்காரர் கழற்றி மாட்டுகிறவர் அல்ல. அவர் போனில் எப்போதும் கடல் சிம். மலிவுச் சிம் என் போனில். இரண்டும் ஒரே மாதிரிச் சின்ன போன்.

விலைக்குக் கீழே ஒரு கோடு போட்டார்கள். கடலுக்குள் எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்று யாரும் கோடு போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது.

3

சித்திரை கழிந்து காற்று மாறுகிற நாட்கள். பழைய கம்பனி மூன்று நாள் சும்மாக் கதை கொடுத்தது. என் அக்கா முல்லைத்தீவில் கலியாணம் கட்டியவள். அவளிடம் பழைய கம்பனிச் சிம். சண்டைக் காலத்தில் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் இரண்டு வருடம் இருந்தோம். கதைக்க நிறைய இருந்தது.

பின்னேரம் அவர் குளிக்கப் போன நேரம், அவர் போனிலிருந்த கடல் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன். என்னுடையதை அவர் போனில் போட்டேன். அக்காவோடு கதைத்தேன். மாற்றி வைக்க மறந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அவரும் அவர் தம்பி செல்வமும் ஒரே போட்டில் தொழில். அன்று செல்வத்தின் மகளுக்குக் காய்ச்சல். அந்தப் பின்னேரமே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்.

"அண்ணே, நாளைக்கு நான் வரல்ல. தனியப் போறீங்களா?"

"கிட்டத்தான் போறன்."

"போன கையில வெச்சிருக்கன். ஒண்டெண்டா அடிங்க. யார்ட போட்டயாவது எடுத்துட்டு வாறன்."

விடிந்து நான் எழும்பும்போது அவர் போய்விட்டார். என் போனைப் பார்த்தேன். பழைய கம்பனியின் பெயர் இருந்தது. அவருக்கு இங்கிலீசு எழுத்து தெரியாது. அவர் போனில் வேறு பெயர் இருந்ததை அவர் கண்டிருக்கமாட்டார்.

ஒரு நாளில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். வைத்திருக்கிறோமே, சும்மாதானே என்று அக்காவுக்கு அடித்தேன். சோறு வடிக்கும்போதும் கதைத்தேன். துணி தோய்க்கும்போதும் கதைத்தேன். மத்தியானம் வரை.

பின்னேரம் செல்வம் வந்தான்.

"மதினி, அண்ணன் வந்துட்டாரா?"

"இல்ல."

"காலையில ரெண்டு மூணு தரம் அடிச்சன். லைன் பிஸி. மனுசன் ஆரோடயோ கதைக்கிறார், அப்ப பிரச்சின இல்லண்டு விட்டுட்டன்."

அவர் நம்பருக்கு அவன் அடித்திருக்கிறான். அந்த நம்பர் என் கையில் இருந்தது. நான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லவில்லை. அவன் கரைக்கு ஓடினான். நான் என் போனிலிருந்து கடல் சிம்மைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

4

பள்ளிவாசல்துறை ஆட்கள் போட்டைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். இஞ்சின் நின்றிருந்தது. அவர் போட்டில் இல்லை. மூன்றாம் நாள் உடலாகக் கரைக்கு வந்தார்.

பள்ளிவாசல்துறைப் பெரியவர் ஒருவர் போட்டில் கிடந்த பொலித்தீன் பையை என்னிடம் தந்தார். கடலுக்குப் போகிறவர்கள் போனை அப்படித்தான் சுற்றி, றப்பர் போட்டு வைப்பார்கள்.

"போன் நனையல்ல தங்கச்சி. சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க. வேற என்னத்தச் சொல்ல."

அறைக்குள் போய்த் திறந்தேன். பேட்டரியில் ஒரு கோடு இருந்தது. அடித்த நம்பர்களைப் பார்த்தேன். செல்வத்தின் பெயர். அதன் கீழே செல்வத்தின் பெயர். அதன் கீழும் அதுதான். திரை முடிந்து கீழே இறக்கினாலும் அதுதான். ஒன்றும் போகவில்லை. தென்னை தாழ்ந்த இடம்.

அந்த போனில் சிம் மாறினால் பழைய நம்பர்கள் அழியும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் மாற்றினேன். கடல் சிம்மை அவர் போனில் போட்டேன். என்னுடையதை எனக்கு எடுத்தேன். திரை வெறுமையாக இருந்தது. அதைக் கொண்டுபோய் மரண விசாரணைக்கு வந்தவரிடம் கொடுத்தேன்.

ஊர் என்ன சொல்லும்? கடல் சிம் இருந்தது. போன் நனையவில்லை. அப்போ அவர் தம்பிக்கு அடித்திருப்பார். தம்பி எடுக்கவில்லை. குடித்துக் கிடந்திருப்பான். செல்வம் சொன்னான், எனக்கு ஒரு கோலும் வரவில்லை, நான்தான் அடித்தேன், லைன் பிஸியாக இருந்தது. ஊர் சிரித்தது. நடுக்கடலில் காலை முழுக்க யாரோடு கதை?

அவனுக்கு "லைன் பிஸி" என்று பெயர் வைத்தார்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் பொடியன்கள் கேட்பார்கள்.

"என்ன மச்சான், லைன் கிடைச்சிச்சா?"

முதலில் அடித்தான். பிறகு திட்டினான். பிறகு ஒன்றும் சொல்லாமல் கயிற்றைப் பிடித்தான். அவனோடு போட்டில் போக ஆள் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்காதவனோடு யார் போவது. போட்டை விற்றுவிட்டு அன்றிலிருந்து கரைவலைக் கூலிதான்.

மாமி, அவர்கள் இருவரின் தாய், எங்கள் வீட்டில்தான் இருந்தா. செல்வத்தின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அவன் பெண்சாதி சோறு கொண்டு வந்தாள். மாமி கோப்பையைத் தள்ளினா.

"அவன்ட வீட்டுச் சோறு எனக்கு வேணாம். கூடப்பிறந்தவன் கூப்பிட்டும் எடுக்காதவன்."

நான் பக்கத்தில் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

மாமி என்னோடு நல்ல மாதிரி. என் தலையைத் தடவுவா. நான் சாப்பிடாமல் படுத்தால் ஊட்டுவா. செல்வத்தின் பங்கு அன்பும் எனக்கே வந்தது. அது தாங்க முடியவில்லை. மூன்று வருடம் அப்படி இருந்து, சிலாபத்து ஆட்கள் மூலம் இத்தாலிக்கு வந்தேன். பிழைக்கப் போகிறாள் என்று ஊர் சொன்னது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

5

மகனுக்கு அப்போது ஏழு வயது. மாமியோடு விட்டுவிட்டு வந்தேன். அவனைக் கூப்பிட நான்கு வருடம் எடுத்தது. கடதாசிகள். இருக்கிற வீட்டின் அளவு எத்தனை மீட்டர் என்று ஒரு கடதாசி. சம்பளத்துக்கு ஒரு கடதாசி. அவருடைய மரணச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. இத்தாலிக்கு மாற்ற வேண்டும். மாற்றியதில் ஒரு எழுத்துப் பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி மாற்றினேன்.

கடைசியாக ஒரு பெண் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்டாள், தகப்பன் எப்படி இறந்தார். கடல், என்றேன். விபத்தா என்றாள். ஓம் என்றேன். "ஓம்" அவளுக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன். அவள் ஒரு பெட்டிக்குள் புள்ளடி போட்டாள்.

இப்போது மகனுக்குப் பதினாறு. நல்லவன். தமிழில் கேட்டால் இத்தாலியில் பதில். கோபம் வந்தால் மட்டும் தமிழ். போன வாரம் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் எங்கள் இரண்டு போனையும் வேறு கம்பனிக்கு மாற்றினான். இங்கே இருந்த கம்பனி விலையைக் கூட்டிவிட்டதாம். நான் பயந்தேன்.

"நம்பர் போயிருமா?"

"இல்லம்மா. நம்பர் எங்கட. கம்பனிட இல்ல. இங்க அப்பிடித்தான்."

பத்து நிமிடத்தில் முடிந்தது. அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் கேட்டது தலைக்குள் இருந்தது. அந்த மலிவுச் சிம்மிலிருந்தும் அவசர நம்பர் அடித்திருந்தால் பழைய கம்பனி டவர் எடுத்திருக்குமா? எங்கள் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் இருந்ததா? எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. கூடாரத்தில் சிம்மோடு குடை தந்தவர்கள் அதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது தம்பியின் நம்பர்.

கம்பனிகளையும் அரசாங்கத்தையும் நான் சாட்டவில்லை. சாட்ட நிறைய இருக்கிறது, படித்தவர்கள் எழுதட்டும். சிம்மைக் கழற்றியது என் விரல்.

6

கடையிலிருந்து திரும்பி வந்து மகனை இருக்கச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். அவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"அப்ப சித்தப்பா எடுக்காம விடல்லையா?"

"இல்ல."

"அப்பம்மா எனக்கு ஒவ்வொரு நாளும் சொல்லித் தந்தா. சித்தப்பா கூப்பிட்டாப் போகாத, அவன்ட கையால ஒண்டும் வாங்காத. நான் ஒரு நாள் அவர் தந்த ஐஸ்பழத்த அவர்ட முகத்துக்கே எறிஞ்சன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அவர் ஒண்டும் சொல்லல்ல."

அவன் முழுக்கத் தமிழில் கதைத்தான். பிறகு எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றான். திரும்பி வந்தான்.

"இப்ப அடி. நான் நம்பர் எடுத்துத் தாறன்."

செல்வம் எடுத்தான். முதல் மணியிலேயே எடுத்தான். எப்போதும் அப்படித்தான் எடுப்பான் என்று அவன் பெண்சாதி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"மதினி, சுகமா? பிள்ள சுகமா?"

"செல்வம், ஒரு விசயம் சொல்லணும். இடையில கதைக்காத."

சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை, சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். கரையில் நிற்கிறான்.

"அப்ப பிஸியா இருந்தது நீங்களா?"

"ஓம். அக்காவோட கதைச்சுக்கிட்டிருந்தன்."

"அண்ணன் எனக்கு அடிச்சாரா?"

"அடிச்சார். திரை நிறைய உன்ட பேர்தான்."

"வேற ஆருக்கும்?"

"ஒருத்தருக்கும் இல்ல."



"எனக்குத்தான் அடிச்சிருக்கார்" என்றான். யாருக்கோ சொல்வது போல. பிறகு குரல் மாறியது.

"பன்ரெண்டு வருசம், மதினி. அம்மா என்ட வீட்டுப் படி மிதிக்கல்ல. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஓம்."

வைத்துவிட்டான். திருப்பி அடித்தேன். எடுக்கவில்லை. வாழ்க்கையில் அவன் எடுக்காத கோல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

7

நான்கு நாள் கழித்து அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அம்மாட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா. ஊருக்கும் சொல்லுங்க. எழுதித் தந்தாலும் சரி."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் யாரும் அவனை இனி அந்தப் பெயரால் கூப்பிட வேண்டாம். கூப்பிடுவதானால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஆனால் எழுத்துக்கு முன்னால் மாமி. இங்கே காலை எட்டரை, அங்கே மத்தியானம். நான் பார்க்கும் கிழவிக்குப் பாணும் பாலும் கொடுத்துவிட்டு பல்கனியில் நின்று அடித்தேன்.

"மகளா? சாப்பிட்டியா?"

"மாமி, இருந்துகொண்டு கேளுங்க."

"என்ன, பிள்ளைக்கு ஏதுமா?"

"இல்ல. செல்வத்தப் பத்தி."

"அவன்ட கதை என்னத்துக்கு எனக்கு?"

"அவனில பிழை இல்ல மாமி. பிழை என்னில."

செல்வத்துக்குச் சொன்னதுபோல் சொன்னேன். மாமிக்கு சிம் என்றால் என்னவென்று விளங்காது. அதனால் வேறு மாதிரிச் சொன்னேன். கடலில் கேட்கிற போனை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், கேட்காத போனை அவருக்குக் கொடுத்து அனுப்பினேன். அவர் தம்பியைத்தான் கூப்பிட்டார், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், சத்தம் போகவில்லை. அதை நான் கண்ணால் கண்டேன், கண்டதை அழித்தேன்.

மாமி ஏசுவா என்று காத்திருந்தேன்.

கதிரை நகரும் சத்தம் கேட்டது. போனை வைக்கவில்லை, கையில் பிடித்தபடியே எழும்பியிருக்கிறா. மணலில் செருப்புச் சத்தம். வேலிப் படலை திறந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. எழுபத்தாறு வயது.

"செல்வம்."

கதவைத் தட்டும் சத்தம்.

"டேய், செல்வம்."

ஒரு கதவு. பிறகு அவன் குரல், தூரத்தில்.

"என்னம்மா?"

"பசிக்குதுடா. சோறு போடு."

நான் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோப்பை ஒன்று வைக்கும் சத்தம் கேட்டது. அவன் பெண்சாதி ஏதோ சொன்னாள். யாரோ அழுதார்கள், யாரென்று தெரியவில்லை. என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. லைனில் நான் இருப்பது அவர்களுக்கு நினைவில்லை.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நான்தான் வைத்தேன்.